வெந்நீருக்குப் பழகிய கோழி

எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி ஊறவைக்கிற நீல டப்பில் ஒரு வெள்ளைக் கோழி உட்கார்ந்திருக்கிறது. வயிறு நனைகிற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். டப்புக்குப் பக்கத்தில், கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை கோழியின் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மற்றொரு கை, சூடு ஆறிவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறது.

மார்கழி மாதம். ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டப்பிலிருந்தும் ஆவி, அவர் வாயிலிருந்தும் ஆவி.

பக்கத்து வீட்டு ரத்தினம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். கன்னடக்காரி. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள், அல்லது அதற்கு நேர்மாறாக. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“ஏனக்கா இது? எங்க வீட்ல எல்லாம் கோழிய வெந்நீர்ல போட்டா, அடுத்த வேலை றெக்கைய பிடுங்கறதுதான்.”

என் வீட்டுக்காரர் கோழியின் காதைப் பொத்தினார். கோழிக்குக் காது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, என் கணவர் மடியில் இருப்பது பூனையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. அது இந்தக் கோழிதான். பெயர் மேடம்.

சாயம் போன குஞ்சு

என் வீட்டுக்காரர் பெயர் மாதேஷ். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். நான் போச்சம்பள்ளிப் பக்கத்தில் பிறந்து, தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருக்கிற இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் எனக்கு வேலை. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, ஹாஸ்டலுக்குப் போனாள்.

மகளை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போன மனிதர், திரும்பி வரும்போது சாப்பாட்டுப் பையில் ஒரு ரோஸ் கலர் கோழிக்குஞ்சோடு வந்தார்.

சாயம் தோய்த்த குஞ்சுகளை அங்கே அட்டைப்பெட்டியில் வைத்து விற்பார்கள். பச்சை, நீலம், ரோஸ். எல்லாம் பண்ணைக்காரர்கள் வேண்டாமென்று கழித்த சேவல் குஞ்சுகள். ஒரு வாரம் தாங்கினால் பெரிசு. இது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மகள் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன், எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வான். விற்கிறவருக்கு அது தெரிந்திருக்கிறது.

குஞ்சு சாகவில்லை. சாயம்தான் போயிற்று. வெள்ளை வெளேரென்று வளர்ந்து, கொண்டை சிவந்து ஒரு பக்கம் சாய்ந்தது. சேவல்தான், இன்றைக்குக் கூவும் நாளைக்குக் கூவும் என்று தெருவே காத்திருந்தது. ஒருநாள் காலை, ஷெல்பில் கவிழ்க்காமல் வைத்திருந்த என் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு வெள்ளை முட்டையை இட்டது.

அன்று அவர் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் வேலைக்குப் போனார். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, ஹெல்மெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். ரொம்ப வருஷமாக இந்த ரோட்டில் நிற்கிறேன், இதுவரைக்கும் யாரும் சொல்லாத காரணம் என்று அந்தப் போலீஸ்காரர் விட்டுவிட்டாராம்.

மேடம் என்ற பெயர் நான் வைத்தது. எங்கள் கம்பெனிக்கு ஆடிட்டுக்கு ஒரு அம்மா வருவார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே கண்ணால் நம் வேலையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போவார். இவளும் நான் பாத்திரம் கழுவும்போது அப்படித்தான் வந்து நின்று பார்ப்பாள். கழுவியது திருப்தி இல்லை என்கிற மாதிரியே போவாள்.

“மருந்து எதுக்கு, மசாலா போதுமே”

மேடம் தினமும் முட்டை இட்டவள். திடீரென்று நின்றது. தீனி எடுக்கவில்லை. வாலைத் தொங்கவிட்டு, மாரைத் தூக்கி நெட்டுக்குத்தாக நின்றாள். கொண்டை வெளுத்துப்போனது. அடிக்கடி முக்கினாள். ராகியைக் கையில் வைத்து நீட்டினால், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரத்தினம்மா வந்து பார்த்துவிட்டு, முட்டை உள்ளே தட்டிக்கொண்டது, விளக்கெண்ணெய் தடவி அமுக்கினால் வந்துவிடும் என்று முந்தானையைச் செருகினாள். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து நின்றுகொண்டார். ஜாமான மெஷினை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. தட்டினால் உள்ளே உடையும் என்பது அவர் தொழிலில் படித்த பாடம். லீவு சொல்லிவிட்டு, கோழியை ஒயர்க்கூடையில் வைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்தார்.

அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் மாடு, ஆடு, ஒரு ஜெர்சிக் கன்றுக்குட்டி. அவற்றுக்கு நடுவில் மடியில் கூடையோடு நாங்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மருந்து எதுக்கு, மசாலா போதுமே” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிற மாதிரி இல்லை.

டாக்டரம்மா சின்னப் பெண். திருநெல்வேலிப் பக்கம். அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்டு, விரலில் எண்ணெய் தடவி, நிதானமாகப் பார்த்தார். எப்போதிலிருந்து முட்டை இல்லை, எச்சம் எப்படி இருக்கிறது, முன்னால் இப்படி ஆனதுண்டா என்று கேட்டார்.

இது பண்ணை ரகம், தினமும் முட்டை போடுவதற்கென்றே உண்டாக்கிய உடம்பு, அதனாலேயே உள்ளே சீக்கிரம் கெட்டுப்போகும் என்று விளக்கினார். ஒன்று, ஓடு கெட்டிப்படாத முட்டை குழாயில் மாட்டியிருக்கலாம். இன்னொன்று, முட்டை குழாய்க்கே வராமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம். விரலுக்கு ஏதோ மெத்தென்று படுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்.

“மொதல்ல சொன்னதுன்னா பொழச்சுக்கிடும். ரெண்டாவதுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. கால்சியம் ஊசி போடுதேன். காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பா தண்ணில உக்கார வைங்க. அமுக்க மட்டும் செஞ்சிராதீங்க.”

சூடு பட்டால் தசை தளரும் என்று டாக்டரம்மா சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. வழியெல்லாம் அதே பேச்சு. இறுகிப்போன பேரிங்கையும் சூடு காட்டித்தான் கழற்றுவார்களாம். டாக்டரம்மா மெயின்டனன்ஸுக்கு வந்திருக்க வேண்டிய ஆளாம்.

எனக்கும் வெந்நீர் வைத்தவர்

அன்று தொடங்கியதுதான் வெந்நீர் வைத்தியம். ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. குளித்து முடித்ததும் மகள் விட்டுவிட்டுப் போன ஹேர் டிரையரை எடுத்து, இறகுக்கு இறகு காயவைப்பார். பிறகு அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரித்து, அடுப்பங்கரை மூலையில் இருட்டாக ஓரிடம்.

முதல் குளியலில் மேடம் றெக்கையடித்து எங்கள் இரண்டு பேரையும் குளிப்பாட்டிவிட்டாள். அடுத்தடுத்து அடங்கினாள். பிறகு தண்ணீரில் வைத்ததும் கழுத்து உள்ளே போகும், கண் பாதி மூடும், தொண்டைக்குள் கொரகொரவென்று ஒரு சத்தம் வரும். ஆனால் தீனி மட்டும் எடுக்கவில்லை. தூக்கினால் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

டப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வரும்.

சில வருஷம் முன்னால் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற உடம்பு. உதிரப்போக்கு நிற்கவே இல்லை, எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் இதே மனிதர்தான் எனக்கு வெந்நீர் வைத்தார். ராகிக் கஞ்சியைக் கட்டி தட்டாமல் காய்ச்சக் கற்றுக்கொண்டார். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது. தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, “சூடு சரியா இருக்குதா?” என்று மட்டும் கேட்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

அப்போது அவர் முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். கம்பெனி பஸ் போகிற வழியில், ரோட்டோரம் மீசையும் கத்தியுமாக உட்கார்ந்திருக்கிற முனீஸ்வரன். அவர் குடும்பத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரே நேர்ச்சைதான். பிள்ளைக்குக் காய்ச்சலா, மாட்டுக்கு மடி வீக்கமா, போர்வெல்லில் தண்ணீர் வரவில்லையா, ஒரு கோழி. அதுவும் கடையில் வாங்கக் கூடாது. வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். எனக்காக வெட்டிய சேவலில் ஒரு காலை நானே ருசித்துச் சாப்பிட்டேன். சாமியிடம் சொன்ன சொல்லும் நிறைவேறியது, என் உடம்பும் தேறியது.

வந்தது தோல்முட்டை

ஒரு சாயங்காலம். மேடம் டப்பில் இருந்தாள். வழக்கமான கொரகொர சத்தம் நின்றது. உடம்பு முழுக்க ஒரு இறுக்கம். என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் இருந்த கையை அசைக்கவே இல்லை. மூச்சு விட்டாரா என்றும் தெரியவில்லை.

“வந்துடுச்சு” என்றார், மெதுவாக.

கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் ஓடே இல்லாத தோல்முட்டை. வெண்டைக்காய் வழவழப்பும் ரப்பர் பந்தின் மெத்துமாக இருந்தது. மேடம் எழுந்து நின்று, வாலைத் தூக்கி, ஒரு உதறு உதறினாள். அன்றைக்கே ராகி தின்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மதிலுக்கு மேல் ரத்தினம்மா கைதட்டினாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இனிமேல் அவள் முட்டையே இடாமல் போகலாம், குளியலைக் கொஞ்ச நாள் விடாமல் கொடுங்கள் என்றார்.

எல்லாரும் சந்தோஷமாக இருக்க, வீட்டுக்காரர் மட்டும் டப்பைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“முனீஸ்வரன்கிட்ட சொல்லிட்டேன் மஞ்சு.”

“என்னன்னு சொன்னீங்க?”

“பொழச்சிகிச்சுன்னா ஒரு கோழி அறுத்துடறேன்னு.”

“எந்தக் கோழி?”

ராகி தின்றுகொண்டிருந்த மேடத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வளர்ந்தது என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது.

கோயிலைப் பஸ் தாண்டும்போது, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாய்க்கு வந்த பழக்கத்தில் சொல்லிவிட்டாராம். தலைமுறை தலைமுறையாகச் சொன்ன வாய். நோயாளியே கோழிதான் என்பது, பஸ் அடுத்த ஸ்டாப் போனபின் உறைத்திருக்கிறது.

சொன்ன சொல்

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ரத்தினம்மா வீட்டுக் கோழியை வாங்கிக் கொடுக்கலாமே? அது அவர்கள் வீட்டில் வளர்ந்தது. பூசணிக்காய் உடைக்கலாமே? கோழி என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயைக் காட்டினால், சாமி என்ன குழந்தையா? கடைசியாக, இது பண்ணை ரகம், பஸ் ஸ்டாண்டில் சாயம் தோய்த்து விற்றது, முனீஸ்வரன் நாட்டுக்கோழி கேட்கிற சாமி, இதை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டேன்.

“கம்பெனி வேலைக்குப் போறோம்னு நம்மள சாமி உட்டுடுச்சா?” என்றார்.



தை அமாவாசை என்று நாள் குறித்தாயிற்று. அதுவரைக்கும் காலையும் சாயங்காலமும் குளியல் நிற்கவில்லை. மேடமே நேரத்துக்கு வந்து டப்புக்குப் பக்கத்தில் நிற்பாள். கொண்டை சிவந்துவிட்டது. அவள் தேறத் தேற இவர் இளைத்தார். தட்டில் களியைப் பிசைந்துகொண்டே இருப்பார், உருண்டை வாய்க்குப் போகாது. மகள் போன் செய்தால், மேடம் எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்பாள். நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிடுவார்.

எனக்குக் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. கொடுத்த வாக்கை மீறுகிற ஆளாக இருந்திருந்தால், என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார். அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு கோழியை மட்டும் காப்பாற்று என்று நான் எப்படிச் சொல்வது? ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, மேடம் வந்து நிற்கிற இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

தண்ணீர் தெளித்தபோது

அமாவாசை அன்று கோயிலில் நல்ல கூட்டம். புது லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க இரண்டு டிரைவர்கள் காத்திருந்தார்கள். ரத்தினம்மா களிக்கு மாவும் குழம்புக்கு அரைத்த மசாலாவுமாக வந்திருந்தாள். வரும்போதே அழுதுகொண்டு வந்தாள், ஆனால் மசாலாவை மறக்கவில்லை.

பூசாரி முனிராஜ் எங்களைவிடச் சின்னவன். அவனுக்கும் கம்பெனி வேலைதான். மதியம் பி ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டான். கோழிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சாமி முன்னால் நிறுத்தினான்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பலி கொடுக்கும் முன், ஆடோ கோழியோ, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காமல் கத்தி எடுக்கக் கூடாது. மேலே தண்ணீர் பட்டால் எந்தக் கோழிதான் உதறாது? ஒரு நிமிஷ வேலை.

முனிராஜ் தண்ணீர் தெளித்தான்.

மேடம் கழுத்தை உள்ளே இழுத்தாள். காலை மடக்கினாள். இறகை விரித்து, சாமிக்கு எதிரிலேயே வசதியாக உட்கார்ந்து, பாதிக் கண்ணை மூடினாள்.

முனிராஜ் இன்னும் கொஞ்சம் தெளித்தான். கொரகொரவென்று சத்தம் வந்தது. செம்பைச் சாய்த்து முதுகில் ஊற்றினான். மேடம் அடுத்த பக்கத்தைக் காட்டினாள். லாரி டிரைவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

“இன்னாண்ணா இது, குளிக்க வந்த மாதிரி ஒக்காந்துகுது?” என்றான் முனிராஜ். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டான். “உத்தரவு இல்ல. சாமிக்கு வேணாமாம். தூக்கிட்டுப் போ.”

அத்தோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போகிறார் என்பது அவர் தொண்டை அசைவதிலேயே தெரிந்தது. காலை மிதித்தேன். அதற்கும் மசியவில்லை.

“முனிராஜு, சாமிகிட்ட மறைக்கக் கூடாது. இதுக்கு ஒடம்பு சரியில்லாம தெனம் தண்ணில ஒக்கார வச்சோம். அந்தப் பழக்கம். அதனாலதான் துலுக்க மாட்டேங்குது.”

ரத்தினம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். முனிராஜ் அவரை ஒரு பார்வை பார்த்தான், பிறகு சாமியைப் பார்த்தான்.

“தண்ணில வைக்கச் சொன்னது யாரு?”

“டாக்டரம்மா.”

“பொழைக்க வெக்கணும்னு நீ யாருகிட்ட கேட்ட?”

என் வீட்டுக்காரர் முனீஸ்வரனைக் கை காட்டினார்.

“அப்புறம் பழக்கம் பண்ணது யாருன்னு என்னிய கேட்டா? எனக்கு பஸ் வந்துடும்ணா” என்று சொல்லிவிட்டு, முனிராஜ் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் போனான்.

என் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து, ஈரத்தோடு அவளை அள்ளி மார்போடு வைத்துக்கொண்டார். மஞ்சளெல்லாம் சட்டையில் ஒட்டியது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நம்ம ஊரில் முடியுமா? தோளில் கையை மட்டும் வைத்தேன்.

களிக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். கோழிக்கென்று அரைத்த மசாலாவில் கத்தரிக்காய் அருமையாக இருந்தது. அவர் உருண்டை உருண்டையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்.

புறப்படும்போது அந்த டிரைவர்களில் ஒருவர் வண்டியருகே வந்து, கூடைக்குள் பார்த்தார்.

“முட்டை நல்லா வைக்குதாண்ணா?”

“இல்ல. நின்னுபோச்சு. இனிமே வைக்காது.”

“அப்ப எதுக்குண்ணா இவ்ளோ பாடு?”

என் வீட்டுக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை என்று நினைக்கிறேன். கூடையின் வாயைத் துண்டால் மூடி, குளிர் படாமல் ஓரத்தைச் செருகிவிட்டு, என்னைப் பார்த்து ஏறு என்று தலையசைத்தார். நான் ஏறி உட்கார்ந்தபின், டிரைவரிடம் திரும்பிச் சொன்னார்.

“வீட்ல இருக்கட்டும்ணா. அதுக்குத்தான்.”